மச்சு முதல் சாய்ப்பு வரை: குமரி மேற்கில் வீடு ஒதுக்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு ஒதுக்குவது, அதாவது வேண்டாததைக் கழித்து மீதியை ஒழுங்காக அடுக்குவது பற்றி, களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை பக்கத்து வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள் கேட்டவையும் சேர்ந்திருக்கின்றன. மச்சு என்றால் கூரைக்கு அடியிலுள்ள பரண், சாய்ப்பு என்றால் வீட்டை ஒட்டிச் சாய்வாக இறக்கிய கொட்டகை.

எங்கிருந்து தொடங்குவது? அலமாரியா, சமையலறையா, மச்சா?

ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. நம் பக்கத்து வீடுகளில் இடத்தை அடைத்துக் கிடப்பவற்றில் பெரும்பகுதி அந்த வீட்டில் இப்போது இருப்பவர்களுக்குச் சொந்தமில்லை. துபாயில் இருக்கும் கொழுந்தனின் பெட்டி, பெங்களூருக்குப் போன மகளின் கல்லூரி நோட்டு, எப்போதோ போய்ச் சேர்ந்த மாமாவின் கட்டில், யாரோ கல்யாணத்துக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்காத அண்டா. இதையெல்லாம் எங்கே அடுக்குவது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அலமாரி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். யாருடையது என்பது தீராமல் எங்கே வைப்பது என்பது தீராது.

ஆகவே முதல் நாள் எதையும் நகர்த்த வேண்டாம். அறை அறையாகப் போய், பெரிய சாமான் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆள் பெயரை எழுதுங்கள். வீட்டில் இருப்பவர், வெளியூரில் இருப்பவர், இறந்தவர் என்று மூன்று வகை வரும். நான்காவதாக, யாருடையது என்று யாருக்கும் தெரியாத சாமான்களுக்கு ஒரு பத்தி தானாக விழும். வேலையை அந்த நான்காவது பத்தியில் தொடங்குங்கள். அதற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடியாது. மச்சுக்கு மட்டுமே ஒரு ஞாயிறு வேண்டும், கூடவே ஏணியைப் பிடிக்க ஓர் ஆளும்.

எந்த மாதம் நல்லது?

தையும் மாசியும். குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை காற்றில் ஈரம் விடுவதில்லை. அந்தக் காலத்தில் துணியையும் காகிதத்தையும் பெட்டிக்குள் வைத்து மூடினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். அடுத்த முறை திறக்கும்போது பூஞ்சணம் பிடித்திருக்கும். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளில் டிசம்பரிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். அப்போது பிரித்து மட்டும் வையுங்கள், பெட்டி கட்டுவதை ஜனவரி வெயிலுக்கு விடுங்கள். ஓணத்துக்கு முன்னால் ஒதுக்குகிற வீடுகள் ஆவணியில் முற்றத்தோடும் சமையலறையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

மேல் அறை முழுக்கக் கொழுந்தனின் சாமான். "லீவுக்கு வந்து நான் பார்த்துக்கிடுதேன், தொடாதீங்க மயினி" என்கிறார். வருகிறார், போகிறார், பெட்டி அப்படியே இருக்கிறது.

லீவுக்கு வருகிறவர் பெட்டி பிரிக்க மாட்டார். இருக்கிற ஒரு மாதத்தில் ஒரு கல்யாணம், ஒரு வேளாங்கண்ணி அல்லது குருவாயூர், பல் டாக்டர், வங்கி, மாமியார் வீடு எல்லாம் முடிய வேண்டும். அதற்கு நடுவில் பழைய சூட்கேசைத் திறந்து உட்காருவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

அவருக்கு விடுமுறை உள்ள நாளில் வீடியோ அழைப்பில் பெட்டியைத் திறவுங்கள். ஓர் அழைப்புக்கு ஒரு பெட்டி, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டினால் மூன்று பதிலில் ஒன்று வர வேண்டும்: வேண்டும், இன்னாருக்குக் கொடு, ஆக்கருக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போடு. "பார்ப்போம்" என்று வந்தால் 'வேண்டும்' என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் வேண்டியவை எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டி நிறையும்போது அவரே கழிக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த அழைப்பைச் செய்ய வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். அண்ணன் கேட்டால் அது கணக்கு, மயினி கேட்டால் கலகம். இன்னொன்று: வீட்டில் கொழுந்தனுக்கும் பங்கு இருந்தால் அந்த அறை அவருடையதும்தான். சாமானைக் குறைக்கச் சொல்லலாம், அறையைக் காலி செய்யச் சொல்ல முடியாது. பாகப்பிரிவினை முடியாத வீட்டில் இதைச் சாமான் பிரச்சினையாக நினைத்து இழுத்தால் அது வேறெங்கோ போய் நிற்கும்.

மாமி எதையும் எறிய விடுவதில்லை. காலிக் குப்பி, துணிக்கடைப் பை, சிரட்டை, எல்லாவற்றுக்கும் "இருக்கட்டு" என்பதுதான் பதில்.

குப்பிகளை அவர் உண்மையிலேயே பயன்படுத்துகிறார் என்றால், நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் வறுத்த மல்லிப் பொடிக்கும் அவை ஓடுகின்றன என்றால், அது குப்பை இல்லை, அவருடைய தொழில் சாமான். அதற்கு ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள். தட்டு நிறைந்தால் எது போக வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும். துணிக்கடைப் பைகளில் பிளாஸ்டிக் பை மட்டும் தானே பொடிந்து உதிர ஆரம்பிக்கும். அவர் கையாலேயே ஒன்றை எடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும்.

அவர் கோயிலுக்கோ சபைக்கோ போயிருக்கும் நேரம் பார்த்து எறிவதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு குப்பி காணாமல் போனால் ஒன்பதை ஒளித்து வைப்பார், அதன் பிறகு வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பழைய வெண்கலப் பாத்திரங்களை விற்றுவிடலாமா?

முதலில் அது வெண்கலமா பித்தளையா என்று பாருங்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பித்தளை செம்பும் துத்தநாகமும். வெள்ளீயம் விலை கூடியதால் வெண்கலத்துக்கு எடை விலை அதிகம். விரலால் சுண்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். ஆக்கர்காரர் வாசலில் நின்று இரண்டையும் ஒரே தட்டில் போட்டு பித்தளை விலை சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். வீட்டிலேயே எடை போட்டு எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு கடையில் விலை கேட்ட பிறகு கொடுங்கள்.

விற்காமல் இருக்கவும் காரணம் உண்டு. உருளி பாயசத்துக்கு இன்னும் நல்ல பாத்திரம். சித்திரை விஷுவுக்குக் கனி வைக்கிற வீட்டில் ஓர் உருளியும் ஒரு கிண்டியும் இருந்தாக வேண்டும். ஆனால் நாற்பது பேருக்குச் சோறு வடிக்கிற நிலவாயை மூன்று பேர் இருக்கிற வீட்டில் மச்சில் ஏற்றி வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோயில் ஊட்டுப்புரைக்கோ சபையின் சமையல் கூடத்துக்கோ கொடுத்தால் அடுப்பில் ஏறும். வெண்கலம் கீழே விழுந்தால் வெடித்துவிடும் உலோகம், மச்சிலிருந்து இறக்கும்போது இரண்டு பேர் வேண்டும். வெடித்ததை எறிய வேண்டாம், உருக்கி மறுபடி வார்க்கலாம். ஆலப்புழை மாவட்டத்து மான்னார் அந்த வேலைக்குப் பேர் போன ஊர்.

பழைய விக்கிரகம், தீபம், சிலை என்று ஏதாவது கிடைத்து, "அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறேன்" என்று பேரன் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உள்நாட்டில் அதை வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும்.

தாத்தாவின் பெட்டியில் மலையாளத்தில் எழுதிய காகிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எறிந்துவிடலாமா?

எறியவே கூடாது. வீடு ஒதுக்குவதில் ஒரேயொரு இடத்தில் நான் பிடிவாதம் பிடிப்பேன் என்றால் அது இங்கேதான்.

1956 நவம்பர் 1க்கு முன் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் ஆட்சியிலும் அதன்பின் திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்திலும் இருந்தவை. அன்றைய பிரமாணங்கள் என்கிற நிலப் பத்திரங்களும் தீர்வை ரசீதுகளும் மலையாளத்தில் இருப்பதில் வியப்பில்லை. இன்று வங்கியில் கடன் கேட்டாலோ நிலத்தை விற்கப் போனாலோ வக்கீல் கேட்பது தாய்ப்பத்திரத்தை. அது அந்தக் கட்டுக்குள் இருக்கலாம். பதிவு அலுவலகத்தில் நகல் வாங்க வழி உண்டு என்றாலும், பதிவு எண்ணும் ஆண்டும் தெரியாமல் தேடுவது பெரும்பாடு. அந்த எண்ணும் ஆண்டும் இருப்பது கையிலுள்ள அசலில்தான்.

வாசிக்கத் தெரியாவிட்டாலும் பிரிக்கலாம். முத்திரைத் தாள் என்றால் ஒரு கட்டு. அச்சடித்த படிவத்தில் தொகை எழுதி கையெழுத்து இருந்தால் பெரும்பாலும் ரசீது, அது இன்னொரு கட்டு. மீதி கடிதங்கள். ஆண்டைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். 1098 என்று எழுதியிருந்தால் அது கொல்லம் ஆண்டு. சிங்ஙம் முதல் தனு பாதி வரை, அதாவது நம் ஆவணி முதல் மார்கழி பாதி வரை, 824ஐக் கூட்டுங்கள். அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு 825. ஆக 1098 சிங்ஙம் என்றால் 1922, 1098 மேடம் என்றால் 1923 சித்திரை. தொகை சக்கரத்திலும் காசிலும் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இந்த அளவு தெரிந்தால் ஆண்டு வரிசையில் அடுக்கிவிடலாம், பிறகு மலையாளம் தெரிந்த பத்திர எழுத்தரிடம் காட்டினால் வேலை பாதியாகும். பாறசாலைப் பக்கம் கொடுத்த பெண்ணோ மருமகனோ இருந்தால் இந்த வேலைக்கு அவர்களைவிட நல்ல ஆள் கிடையாது.

லாமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பழுத்து எழுத்தையும் தின்னும். மடிப்பை விரித்து, பருத்தித் துணியில் சுற்றி, சுவரைத் தொடாமல் இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் செதலும் எட்டாது. அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, பங்குள்ள எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இந்தக் கட்டு யாருடையது என்றால், பதில் ஒருவர் பெயரில் வராது.

ஓலைச்சுவடி கிடைத்தால் தண்ணீர் தொடக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசு தட்டுங்கள், கட்டை அவிழ்த்து ஓலைகளை வரிசை மாற்றிவிடாதீர்கள். குடும்பத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இருக்கிறது, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது.

மற்ற காகிதங்களில் எதை எத்தனை காலம் வைப்பது?

நிலம், வீடு, பிறப்பு, இறப்பு, திருமணம், படிப்புச் சான்று, சாதிச் சான்று: எப்போதும். வருமான வரி தொடர்பானவற்றை ஏழெட்டு ஆண்டு. கடன் அடைத்த கடிதத்தைக் கடனை விடக் கவனமாக. மின்கட்டண ரசீது அடுத்த ரசீது வரும் வரை போதும். தீராத புகார் இருந்தால் அது தீரும் வரை.

பழைய பாஸ்புக் கிடைத்தால் காலாவதி என்று நினைத்து எறிய வேண்டாம். 10 ஆண்டு யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், ஆனால் வாரிசுகள் அதே வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறந்தது. அங்கே இறந்தவரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

அரிசிப் பானைக்குள் பாட்டி வைத்த பழைய நோட்டுகள் கிடைத்தன.

2016 நவம்பர் 8 அன்று செல்லாது என்று அறிவித்த 500, 1000 ரூபாய் நோட்டு என்றால் இனி மாற்ற முடியாது. அவற்றைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதத்துக்கு உரியது, குறைந்தது 10,000 ரூபாய். ஆகவே நினைவுக்கு ஒன்றிரண்டு போதும். 2,000 ரூபாய் நோட்டு வேறு கதை. அதை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற அறிவித்தார்கள், செல்லாது என்று சொல்லவில்லை. ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். சென்னைக்கு ஓட வேண்டாம், திருவனந்தபுரத்தில் இருக்கிறது. பானைக்கு அடியில் சின்னஞ்சிறு வெள்ளிச் சக்கரக் காசு கிடந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

இறந்தவரின் துணிகளை எப்போது எடுப்பது?

பதினாறோ நாற்பத்தொன்றோ, உங்கள் வீட்டு முறைப்படி நாள் கழியட்டும். அதற்குப் பிறகும் துணைவர் தயாராக இல்லை என்றால் துணியை விட்டுவிட்டுக் காகிதங்களைப் பிரியுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வங்கி, இன்சூரன்ஸ், பென்ஷன் எல்லாம் முடியும் வரை அவர் கையெழுத்துள்ள ஒரு துண்டுக் காகிதமும் வெளியே போகக் கூடாது. துணிகளைக் கொடுக்கும்போது ஒவ்வொரு சட்டைப் பையிலும் கையை விட்டுப் பாருங்கள், வேட்டி மடிப்பையும் விரியுங்கள். கண்ணாடி, கைத்தடி, ஒரு துவர்த்துத் துண்டு, இவற்றில் எதை வைத்துக்கொள்வது என்பதை மனைவியோ மகளோ சொல்லட்டும். மருமக்கள் இங்கே பேசாமல் இருப்பது நல்லது.

அடுக்கி வைக்க பிளாஸ்டிக் கூடைகள் வாங்கலாமா?

எல்லாம் கழித்த பிறகு. அப்போது வீட்டிலேயே நார்ப்பெட்டியும் கடவமும் மிஞ்சியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

சாய்ப்பில் ரப்பர் பால் எடுக்கும் சாமான்கள் குவிந்திருக்கின்றன. மரத்தையே குத்தகைக்கு விட்டாயிற்று.

அப்படியென்றால் டிஷ், வாளி, கத்தி எல்லாம் குத்தகைக்காரருடையதா உங்களுடையதா என்று அவரிடம் இன்றே கேளுங்கள். முதலில் வெளியேற வேண்டியது ஆசிட். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டைக் குளிர்பானக் குப்பியில் ஊற்றி ஜன்னலோரம் வைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகள் எட்டும் உயரத்தில், பெயர் எழுதாத குப்பியில் இது இருப்பது வீட்டில் பாம்பை வளர்ப்பது மாதிரி. வாங்கிய கேனிலேயே இருக்கட்டும், பால் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்குங்கள், அல்லது அடுப்புக்குப் போடுங்கள். நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும்.

மகள் வீடு பாறசாலையில். அங்கே பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், காசும் வாங்குகிறார்கள். கழிக்கிற சாமானை வண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து ஆக்கருக்குப் போட்டால் என்ன?

விற்கத் தக்க இரும்பு, செம்பு, பேப்பர் என்றால் எங்கே விற்றாலும் சரி. குப்பையைக் கொண்டுவருவது வேறு. கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை வீடு வீடாக வந்து மக்காத குப்பையை எடுக்கிறது, பஞ்சாயத்துகளில் பொதுவாக மாதம் 50 ரூபாய். துணி, செருப்பு, கண்ணாடி, மின்சாதனம் என்று முறை வைத்தும் எடுக்கிறார்கள். அந்த முறை நாளைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் மகள் வீடு ஒதுக்குவது நம் வீட்டைவிட எளிது. இங்கே தூய்மைக் காவலர்களிடம் பிரித்துக் கொடுக்கிறோம், ஆனால் பழைய மெத்தையும் செருப்பும் எங்கே போவது என்பது பல ஊரில் இன்னும் தீரவில்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளம் லாரிகளில் திரும்ப எடுத்துப்போனது நினைவிருக்கும். லாரிக்குச் சொன்ன நியாயம் நம் காரின் டிக்கிக்கும் பொருந்தும்.

சேலைக்குள் பாச்சை உருண்டை போடலாமா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். நாப்தலின் உருண்டையோடு இருந்த துணியை அப்படியே குழந்தைக்குப் போர்த்தினால், ஜி6பிடி என்ற நொதியின் (என்சைம்) குறைபாடு உள்ள குழந்தைக்கு ரத்த சிவப்பணு சிதைந்து ஆபத்தாகலாம். வெட்டிவேர் போதும். கசவுச் சேலையை வருடத்தில் இரண்டு மூன்று தடவை மடிப்பு மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை ஒடியும்.

வீட்டில் ஐந்து பேர். ஒதுக்குவது நான் ஒருத்தி மட்டும்.

வேலையைப் பங்கிட்டால் அது உங்கள் வேலைக்கு மற்றவர்கள் உதவுவதாகவே இருக்கும். இடத்தைப் பங்கிடுங்கள். வெளுப்புக்கு முன்னே ரப்பர் பால் வெட்டப் போய் பத்து மணிக்குத் திரும்புகிறவரிடம் காலையில் பாத்திரம் தேய்க்கச் சொல்வதில் பொருளில்லை, ஆனால் சாய்ப்பு முழுவதும் அவர் பொறுப்பு என்றால் அது நடக்கும். படிக்கிற பிள்ளைக்குத் தன் மேசையும் செருப்பு வைக்கும் திண்ணையும். மாமிக்கு ஊறுகாய்த் தட்டு. அவரவர் இடத்தில் மற்றவர் கை வைக்கக் கூடாது, நீங்களும்தான். சாய்ப்பு ஒரு வாரம் அலங்கோலமாகக் கிடந்தாலும் போய் ஒதுக்கிவிடாதீர்கள். பொறுமை இல்லாத பெண்கள் தோற்பது இந்த இடத்தில்தான், அடுத்த வாரமே அந்த இடம் திரும்ப அவர்கள் தலையில் வந்துவிடும்.

ஆட்டுக்கல்லையும் உரலையும் என்ன செய்வது?

முற்றத்தில் குழி நிறையும்படி மணல் போட்டு வையுங்கள், தண்ணீர் தேங்காது. பழைய வீட்டு அழகுக்கென்று வாங்கிப்போக ரிசார்ட்காரர்களும் புதுவீடு கட்டுகிறவர்களும் வருவார்கள். குழவியை மட்டும் உள்ளே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அது தனியாகத் தொலைந்துவிட்டால் ஆட்டுக்கல்லுக்கு யாரும் பாதி விலைகூடக் கொடுக்கமாட்டார்கள்.